முப்பது நாள் வீட்டுக்காரி

என் வீட்டை ஏலம் விட வந்தவர்களுக்கு நான்தான் டீ கொடுத்தேன்.

மீஞ்சூரில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் இதை நம்புவதில்லை. வாசலில் ஐந்து பேர் வெயிலில் நின்றால், எதற்காக வந்திருந்தாலும் சரி, கை தானாக அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுகிறது. பக்கத்து வீட்டில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டேன். டெபுடி தாசில்தார் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் வளைந்திருந்தது. அவர் விழுந்துவிடக் கூடாதே என்ற கவலையில், வீடு போகிறதே என்ற கவலை கொஞ்ச நேரம் மறந்தே போயிற்று. என் மனைவி வசந்தா டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். தலையாரி இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எதிரே எங்கள் குப்பமே திரண்டு நின்றது. ஆணும் பெண்ணுமாக நூறு பேர் இருக்கும். அத்தனை பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் நூறு பேர் பேசாமல் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காக்கைகள் கூட ஏதோ விபரீதம் என்று விலகி உட்கார்ந்திருந்தன.

பழுப்பு உறையின் பயன்

சென்ற வாரம் என் மச்சான் குமார், அதாவது வசந்தாவின் தம்பி, அரசுக் கடனில் படகு என்ஜின் வாங்கிய கதையையும் அது ஆறாவது மாதமே முகத்துவாரத்து மணலில் புதைந்த கதையையும் எழுதியிருந்தேன். என்ஜின் என்ன ஆயிற்று என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. கடன் மட்டும்தான் கரையேறி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஏனென்றால் ஜாமீன் போட்டவன் நான்.

நான் மீஞ்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். படிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். குப்பத்தில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். முதியோர் பென்ஷன் மனு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, பட்டா மாறுதல் எல்லாம் என் கையெழுத்தில்தான் பொன்னேரிக்குப் போகும். அதனால் எனக்கு 'புக்கு' என்று பட்டப்பெயர்.

இந்தப் புக்கு, தன் பெயருக்கு வந்த அரசாங்கக் கடிதங்களை மட்டும் பிரித்ததில்லை. பழுப்பு உறை நல்ல கெட்டிக் காகிதம். படித்த பக்கத்தில் அடையாளம் வைக்க அதைவிடத் தோதான பொருள் கிடையாது. முதல் நோட்டீஸ் ஒரு தடித்த நாவலின் நடுவில் இருந்தது. இரண்டாவது நோட்டீஸ் நாட்டு மருந்து பற்றிய ஒரு புத்தகத்தில். ஜப்தி நோட்டீஸ், நிலையாமையைப் பற்றிய ஒரு தத்துவ நூலின் பதினேழாம் பக்கத்தில். அந்த நூலில் அதற்கு மேல் நான் போகவில்லை.

அப்புறம் ஒருநாள் எங்கள் தெருவில் தலையாரி தண்டோரா போட்டுக்கொண்டு வந்தார். இந்தக் காலத்திலும் தண்டோராவா என்று ஆசையாக வெளியே போய் நின்று கேட்டேன். யாரோ ஒருவர் வீடு கடன் பாக்கிக்காக ஏலத்துக்கு வருகிறதாம்.

"பாவம், யாரு வூடுங்க?" என்று கேட்டேன்.

தலையாரி குச்சியைக் கீழே இறக்கினார். "உங்க வூடுதான் சார்."

நைனா போட்ட இரண்டடி

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. நைனா பெரிய ஆள் ஒன்றும் இல்லை. சர்வேக்காரர்கள் குப்பத்துக்கு வந்த அன்று மற்ற ஆண்கள் எல்லாம் ஏரியில் இருந்தார்கள். நைனா காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். அவர் பெயருக்குப் பட்டா கிடைத்தது. சாகும் வரை அதைத் தன் சாமர்த்தியம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டா இருந்ததால்தான் கடனுக்கு ஜாமீனாக எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். பட்டா இல்லாதவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பழவேற்காட்டில் யாராலும் காலி பண்ண முடியாத குடியிருப்பு டச்சுக்காரர்களின் கல்லறைதான். அவர்கள் மச்சானுக்கு ஜாமீன் போடவில்லை.

நைனா உண்மையிலேயே செய்த சாமர்த்தியம் ஒன்று உண்டு. வீட்டின் தரையை மற்றவர்களைவிட இரண்டடி உயரமாகப் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்கு அடுத்த வீடு தேசம்மாக்காவுடையது. அது பள்ளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு புயலுக்கும் ஏரி அவர் வீட்டுக்குள் வரும். அவர் எங்கள் வீட்டுக்குள் வருவார். ஒரு கையில் அடுப்பு, ஒரு கையில் ஆடு. நைனாவைப் பார்த்துச் சிரித்தவர்களில் முதல் ஆள் அவர்தான்.

தேசம்மாக்காவுக்கு அறுபது வயது இருக்கும். முப்பது வருஷமாகக் கரையில் மீன் ஏலம் விடுகிறவர். படகு வந்து கூடை இறங்கியதும் வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். ஒருவர் ஒரு விலை சொல்வார். அக்கா அந்த விலையை அவமானப்படுத்துவார். அந்த அவமானம் தாங்காமல் இன்னொருவர் கூட்டிக் கேட்பார். மூணு தரம் சொல்லிக் கையைத் தட்டினால் முடிந்தது. நூற்றுக்கு ஐந்து அக்காவுக்கு. வாயிலிருந்து விழுந்த விலையைத் திரும்ப எடுத்துக்கொண்டவன் மறுநாள் கரைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அதே மாதிரி, ஒரு வியாபாரி டீ குடிக்கப் போயிருந்தால் அவர் திரும்பி வரும் வரை அக்கா கூடையை யாரையும் தொட விடமாட்டார்.

ஊர் வாயை மூடியது

ஏலத்துக்கு முந்தைய வாரம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊர் நியாயம் எளிமையானது. யாரும் விலை கேட்காவிட்டால் ஏலம் நடக்காது. அதனால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கோயிலுக்கு ஒரு டின் நல்லெண்ணெய் அபராதம். வெளியாள் எவன் இந்தக் குப்பத்தில் வந்து வீடு வாங்கப்போகிறான்?

ஊர்க்காரர்கள் தேதியைப் பார்த்தார்களே ஒழிய நாளைப் பார்க்கவில்லை. அன்று அமாவாசை. ஏரியில் ஓட்டம் வேகமாக இருக்கும், இறால் அள்ளும். விடியலிலிருந்து கூடை கூடையாக ஏலம் விட்டுவிட்டு தேசம்மாக்கா நேராக எங்கள் வாசலுக்கு வந்திருந்தார். சேலை ஈரம் காயவில்லை. தொண்டைச் சூடும் ஆறவில்லை.

டெபுடி தாசில்தார் ஒரு காகிதத்தை எடுத்து நிபந்தனைகளை வாசித்தார். நான் அப்போது டீத் தட்டோடு பின்வரிசையில் இருந்தேன். என் காதில் விழவில்லை. கூடியிருந்தவர்களில் அந்தக் காகிதத்தை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவர் தேசம்மாக்கா ஒருவர்தான். ஒரு தவில்காரர் இன்னொரு தவில்காரரைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கொரலா இது?" என்று வசந்தாவிடம் முணுமுணுத்தார். "ரேஷன் கடையில கார்டு கூப்புடற மாரி கீது. இதுக்கு எவன் வெல கேப்பான்?"

"எவனும் கேக்கக் கூடாதுன்னுதான்க்கா நிக்கிறோம்."

"அது செரி. அதுக்குன்னு தொழில இப்டியா பண்றது?"

அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவரைப் பார்த்தேன். மீஞ்சூர்ப் பக்கத்துக்காரர். ஏரியைப் பார்த்த மாதிரி இடம் தேடுகிறாராம். வெளியாள் வரமாட்டான் என்ற எங்கள் ஊர் நியாயம் காரில் வந்து இறங்கியிருந்தது.

அவர் கையைத் தூக்கி, "கொறஞ்சபட்ச விலைக்கு மேல நூறு ரூபா" என்றார்.

நூறு வாயும் மூடியபடி இருந்தன. நூற்று ஒன்றாவது வாய் திறந்தது.

"இன்னா?"

கரையில் கேட்கும் அதே 'இன்னா'. அதைக் கேட்டு மீன் வியாபாரிகள் கூசிப்போவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"யோவ் கண்ணாடி! நீ வெல சொன்னது வூட்டுக்கா, வூட்டுக் கதவுக்கா?"

"வீட்டுக்குத்தாம்மா."

"ரெண்டடி ஒசரம்யா இந்த வூடு. எத்தினி புயல் பாத்துக்கீது, ஒரு சொட்டு உள்ள வந்ததில்ல. நூறு ரூபாயாம் நூறு ரூபா! பத்தாயிரம் மேல போடு!"

எழுத்தர் நிமிர்ந்தார். "அம்மா, நீங்க கேக்கறீங்களா?"

"பின்ன? எவனாவது கேக்கணும்ல?"

எழுத்தர் எழுதிக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் ஐந்தாயிரம் கூட்டினார். அக்கா அவருடைய காரைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லிவிட்டு, பத்தாயிரம் கூட்டினார். அவர் மறுபடி கூட்டினார். ஊர்த் தலைவர் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார், கடைசியில் கோயிலையே காட்டினார். வசந்தா அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தேசம்மாக்காவை நடு ஏலத்தில் நிறுத்த இதுவரை மழையால் மட்டும்தான் முடிந்திருக்கிறது.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது தோல்வியின் அறிகுறி. அக்காவுக்கு அது தெரியும்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." டெபுடி தாசில்தார் வாய் திறப்பதற்குள் "மூணு தரம்!" என்று கையைத் தட்டினார். தட்டிவிட்டு, வழக்கம்போலச் சுற்றிலும் பார்த்து, "யாருக்குப்பா போச்சு?" என்றார்.

"உங்களுக்குத்தாம்மா" என்றார் எழுத்தர்.

பால்பவுடர் டின்

விலையில் நூற்றுக்குப் பதினைந்து அங்கேயே கட்ட வேண்டும் என்றார்கள்.

"தெரியாம சொல்ட்டேன்னு சொல்லிடு தேசம்மா" என்றார் ஊர்த் தலைவர். அதுதான் ஊரின் விருப்பமும். என் விருப்பமும்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தெரியாம சொன்னனா? முப்பது வருசத்துல ஒரு தபா சொன்ன வெலய திருப்பி வாங்கிக்கினேன்னு இங்க எவனாவது சொல்லட்டும் பாப்போம்."

யாரும் சொல்லவில்லை. அக்கா வீட்டுக்குப் போய் ஒரு பால்பவுடர் டின்னோடு வந்தார். அவர் வீட்டுத் தரையை உயர்த்துவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது என்று ஊருக்கே தெரியும். எழுத்தர் எண்ணி ரசீது கொடுத்தார். ஊர்த் தலைவர் எண்ணெய் டின்னை நினைவுபடுத்தினார்.

"வூடே வாங்கிட்டேன். எண்ணெ வாங்க மாட்டனா?"

அன்று மாலை முதல்முறையாகக் கடன் வசூல் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஏலம் போன வீட்டை மீட்க, வீட்டுக்காரனுக்கு முப்பது நாள் உண்டு. பாக்கியை வட்டியோடும் செலவோடும் கட்ட வேண்டும். ஏலம் போன விலையில் நூற்றுக்கு ஐந்தை, எடுத்தவருக்கு ஆறுதலாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டி மனுக் கொடுத்தால் ஏலம் ரத்து. கண்ணாடிக்காரர் எடுத்திருந்தாலும் எனக்கு இதே முப்பது நாள்தான். அந்த ஐந்து மட்டும் ரொம்பக் குறைந்திருக்கும். அக்கா என் வீட்டின் மேல் வைத்திருந்த மரியாதைக்கு நான் கப்பம் கட்ட வேண்டியதாயிற்று.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், மூன்றாம் நாள் வரை. மூன்றாம் நாள் செய்தி வந்தது: மீதிப் பணத்தைப் போட அக்காவின் மருமகன்கள் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்களாம். அன்று இரவு வசந்தா சாப்பிடவில்லை.

யாரைக் கேட்டு ஆணி?

அதற்குப் பிறகு அக்கா தினமும் வீட்டைப் பார்க்க வந்தார். காலையில் கரை வேலை முடிந்ததும் வருவார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல் ஜன்னல் கதவுகளைத் தூக்கிப் பார்ப்பார். சுவரை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒருநாள் மொட்டை மாடியின் வடக்கு மூலை ஒழுகுவதைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு நேர் கீழே என் புத்தக அலமாரி.

"எத்தினி வருசமா ஒயுவுது?"

"ஒரு ஏழெட்டு வருஷம்."

"இன்னா பண்ண?"

"கீழ ஒரு குண்டான் வச்சிருக்கேன்க்கா."

அக்கா குண்டானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நைனா கட்டின வூட்ட இப்டி கலீஜா வச்சிக்கீறியே" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். எனக்கு என்னவோ வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி ஆகிவிட்டது.

இன்னொரு நாள் சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து குரல் வந்தது.

"யாரக் கேட்டு ஆணி அடிக்கிற?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

உள்ளே வந்தார். காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் பெரிய வட்டம் போட்டிருந்தேன். "இது இன்னாது?"

"மீட்கறதுக்குக் கடைசி நாள்க்கா. அதுக்குள்ள கட்டிடுவோம்."

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. காலண்டரில் அவருக்குப் படிக்கத் தெரிந்தவை அமாவாசைக்கான கறுப்புப் பொட்டும் பௌர்ணமிக்கான வெள்ளைப் பொட்டும்தான். சிவப்பு வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒயுங்கா அடி, சொவரு பேந்துடப்போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் சுவரைத் தட்டிப் பார்க்க அவர் வரவில்லை. வசந்தாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "மனசு மாறிட்டாங்க போல" என்றாள்.

பணத்தையும் வசந்தாதான் புரட்டினாள். அவளுடைய சீட்டு, சங்கிலி, என் பி.எஃப். எல்லாம் சேர்ந்து இருபதாவது நாளே அரிசி டிரம்முக்குள் வந்துவிட்டது. "போய்க் கட்டிட்டு வாங்க" என்று காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை சொன்னாள்.

நான் போகவில்லை. மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கெல்லாம் மனு எழுதியவன் தன் வீட்டுக்கு ஏனோதானோ என்று எழுதிவிட முடியுமா? முதல் படியில் உருக்கம் அதிகம். இரண்டாவதில் சட்டம் அதிகம். மூன்றாவதில் நைனாவின் காய்ச்சல் பற்றி ஒரு பத்தி வந்து, அதை எடுக்க மனம் வரவில்லை. நான்காவது படி ஏறக்குறையப் பிரமாதமாக அமைந்திருந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான் சரியாக உட்காரவில்லை. அதனால் என்ன, இன்னும் பதினொரு நாள் இருந்தது.

கறுப்புப் பொட்டு

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேசம்மாக்கா வாசலில் வந்து நின்றார். கரைக்குப் போகிற சேலை இல்லை. கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை.

"துட்டு கீதா?"

"இருக்குக்கா."

"எட்து வய்யி. கெளம்பு. பஸ்ஸு வந்துடும்."

"எங்க?"

"எங்கவா? இன்னிக்கு இன்னா நாளு?"

தேதியைச் சொன்னேன்.

"தேதிய எவன் கேட்டான்? அமாவாச! போன அமாவாசிக்கு ஏலம் வுட்டாங்க. இன்னியோட முப்பது. அந்த ஆபிசரு படிச்சாருல்ல, ஏலம் முடிஞ்ச நாள்லேந்துன்னு?"

பல்துலக்கி வாயிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஓடினேன். ஏல அறிக்கையின் நகல் எனக்குத் தபாலில் வந்தது பதினொரு நாள் கழித்து. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பழுப்பு உறையை வந்த அன்றே பிரித்த பெருமையில், அந்த நாளிலிருந்து முப்பதை எண்ணி வட்டம் போட்டிருந்தேன்.

"கடுதாசி வந்த நாள்லேந்து..." என்று இழுத்தேன்.

"கடுதாசி என்னிக்கு வந்தா இன்னா? நான் கை தட்னது என்னிக்கு?"

வசந்தா அரிசி டிரம்முக்குள் கையை விட்டுப் பையை எடுத்தாள். என் நான்காவது படியை எடுத்தாள். சரியாக உட்காராத வாக்கியத்தின் மேல் ஒரு கோடு போட்டாள். மூன்று பேரும் பொன்னேரி பஸ்ஸில் ஏறினோம். பல்பசை நுரையை நான் துடைத்தது பஸ்ஸில்தான்.

அமாவாசை என்றால் அக்காவுக்கு மாதத்திலேயே பெரிய வரும்படி நாள். அதை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். விட்டுவிட்டு என்று சொல்வது முழு உண்மை அல்ல. பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது. கரையில் அவருக்குப் பதிலாக நின்ற ஆள், ஒரு கூடை இறாலுக்கு யாரோ சொன்ன விலையைச் சொன்னார்.

"இன்னா?" என்றார் அக்கா. பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

"ஸ்பீக்கர்ல போடு! யார்றா அவன், எறாலுக்கு வெல சொல்றானா, கருவாட்டுக்கா?"

அதற்குப் பிறகு பஸ்ஸுக்குள் ஏலம் நடந்தது. முன் சீட்டில் இருந்த காதர் பாய், பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கிறவர், திரும்பிப் பார்த்து, "இன்னொரு ஐநூறு போட்டுக்கம்மா, நம்ம வீட்டுல விசேஷம்" என்றார்.

"டேய், பஸ்லேந்து ஒரு பார்ட்டி ஐநூறு கூட கேக்குது!" என்று அக்கா போனுக்குள் கத்தினார்.

கண்டக்டர் வந்து, "இன்னாம்மா, பஸ்ஸா இன்னா இது?" என்றார்.

"நீயும் கேளு. வாயுள்ள எவனும் கேக்கலாம்."

காதர் பாய்க்கு ஒரு கூடை கிடைத்தது. எங்கள் மூன்று பேருக்கும் அவர்தான் டிக்கெட் எடுத்தார்.

ஆறுதல் தொகை

பொன்னேரி தாலுகா ஆபீசில் வேறொரு எழுத்தர் இருந்தார், மனுவை வாங்கிப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "கடைசி நாள்ல வந்திருக்கீங்க. சலான் எழுதித் தரேன், ஓடிப் போய்க் கட்டிட்டு வாங்க."

ஓடினேன். என் வயதுக்கும் உடம்புக்கும் ஓட்டம் என்று சொல்லக்கூடிய ஒன்றை ஓடினேன். கட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது எழுத்தர் என் மனுவைப் படித்துக்கொண்டிருந்தார். நைனாவின் காய்ச்சல் வரைக்கும் வந்து, அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் முத்திரை குத்தினார். நான்கு படிகளின் கதி அதுதான்.

"ஏலம் எடுத்தவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"நாந்தான் எட்தவ" என்றார் அக்கா.

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டார். "நீங்க எதுக்கும்மா வந்தீங்க? இவர் கட்டலேன்னா வீடு உங்களுக்குத்தானே?"

"தெரியும். இவன இஸ்துகினு வர ஆளு ஓணும்ல?"

எழுத்தர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. பிறகு அக்காவிடம், அவர் கட்டிய பணம் திரும்ப வரும், அதோடு விலையில் நூற்றுக்கு ஐந்தும் வரும் என்று விளக்கினார்.

"நூத்துக்கு அஞ்சா?" அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரையிலயும் எனக்கு அதான். பரவால்லியே, கெவருமெண்டு ஒயுங்காதான் வச்சிக்கீது."

திரும்பி வருகிற பஸ்ஸில் வசந்தா ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒரு மாதமாக அவள் தூங்கிய மாதிரி எனக்கு நினைவில்லை. நான் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நான் நாள தப்பாப் போட்டிருக்கேன்னு எப்பக்கா தெரியும்?"

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஆணி அடிச்ச அன்னிக்கே."

"அன்னிக்கேவா?"

"கறுப்புப் பொட்டு ஒரு எடத்துல கீது. ஒன் செகப்பு வட்டம் ஒரு எடத்துல கீது. தெரியாம இன்னா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"ஒசரமான வூடு தம்பி" என்றார். என்னை அவர் 'புக்கு' என்று சொல்லாமல் தம்பி என்று சொன்னது அன்றுதான். "யோசிச்சிகினு இருந்தேன்."

தூங்குகிற வசந்தாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நேத்து தூக்கமே வர்ல. கேக்கறவன் டீ குடிக்கப் போயிட்டான்னா நான் கை தட்றதில்ல. நீ டீ குட்து முடிக்கவே முப்பது நாளாச்சி. நான் இன்னா பண்ணுவேன்?" என்றவர், உடனே குரலை உயர்த்தினார்: "ஆனா சொல்லிட்டேன், எண்ணெ டின்னு ஒன் செலவு."

எண்ணெய் டின்னை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஏலம் ரத்தான உத்தரவு சில வாரம் கழித்து வந்தது. பழுப்பு உறையைத் தபால்காரர் கையில் இருக்கும்போதே பிரித்தேன். கரைக்குப் போய் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு கூடைக்கு நடுவில் நின்று கேட்டார்.

"அப்ப வூடு ஒன்னுது."

"என்னுதுக்கா."

"செரி. அப்ப அந்த மேல ஒயுவற மூலைய நீயே பாத்துக்க. நான் அப்பவே கொத்தனாருக்குச் சொல்லி, அட்வான்சு குட்து வச்சிக்கீறேன். இனிமே எனக்கின்னா?"

சொல்லிவிட்டு அடுத்த கூடைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை கொத்தனார் கரணையோடு வந்து நின்றார். மாடிப்படியில் ஏறினார், வடக்கு மூலையைப் பார்த்தார், கீழே இறங்கினார். குண்டானோடு நின்றுகொண்டிருந்த என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "வூட்டுக்காரம்மா எங்க?" என்று கேட்டார்.

வசந்தா கரைப் பக்கம் கை காட்டினாள்.